புகைமூட்டத்தில் வெளிவேலை: எந்த எண் வந்தால் ஆளை நிறுத்துவது?

செம்பனைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் கோல லங்காட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கிற வேலை, ஏழு வருஷம் ஆச்சு. காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற என் பெரட்டில் 43 பேர். குலை வெட்டுவது முழுக்க இந்தோனேசிய, வங்காளதேச ஆட்கள். உரம் போடுவது, மருந்தடிப்பது, உதிரிப்பழம் பொறுக்குவது எல்லாம் நம் அக்காமார் ஒன்பது பேர், அதில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

விஷயம் புகைமூட்டம். இந்த முறை கடல் தாண்டி வருவது பாதி, பக்கத்திலேயே எரிகிற தானா கம்புட், அதாவது மக்கிய செடிகொடி மண், பாதி. அந்த மண்ணைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மேலே தண்ணீர் அடித்து அணைத்துவிட்டுப் போவார்கள், அடியில் உமிக்கங்கு மாதிரி கனன்றுகொண்டே இருக்கும், இரண்டு நாள் கழித்து இன்னொரு மூலையில் புகையும். செவ்வாய்க்கிழமை நம் காற்றுத் தூய்மைக்கேட்டு எண்ணான ஏபிஐ 158 காட்டியது. ஆபீசிலிருந்து இரண்டு பெட்டி நீல முகக்கவரி வந்தது, கிளினிக்கில் போடுவார்களே அதுதான். எப்போது வேலையை நிறுத்துவது என்று மேலே கேட்டால் "200 ஆகட்டும், பள்ளிக்கூடமே அப்போதுதான் மூடுகிறார்கள்" என்று பதில். ஆனால் அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 100 தாண்டியதுமே பிள்ளைகளை மைதானத்தில் விடவில்லை. பிள்ளை வகுப்பறைக்குள், அம்மா வெளியே குனிந்து பழம் பொறுக்குகிறார்.

ஒரு அக்கா, என் அம்மா வயசு இருக்கும், துண்டை நனைத்து மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு வந்தார். பத்து மணிக்கு அவிழ்த்து என்னிடம் விரித்துக் காட்டினார். மூக்கு பட்ட இடம் மட்டும் டீக்கறை மாதிரி இருந்தது. "தம்பி, இது துண்டுல நின்னது. நிக்காதது எங்க போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த எண்ணில் நிறுத்துவது? எந்த முகக்கவரி? அப்புறம் பெரிய சிக்கல், குலை வெட்டுகிறவர்களுக்கு டன் கணக்குக் கூலி. நான் நிறுத்தினால் அவர்கள் பையில் கை வைத்த மாதிரி. நிறுத்தாதே என்று அவர்களே சொல்கிறார்கள். வெளிநாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

---

சும்மா_ஒருவன்:

வருஷா வருஷம் வருகிற கதைதானே அண்ணா. இரண்டு வாரம் இருமுவோம், மழை வரும், மறந்துவிடுவோம். முகக்கவரி கொடுத்தாலும் எவனும் போட மாட்டான், அரை மணி நேரத்தில் கழற்றித் தாடைக்குக் கீழே இறக்கிவிடுவான். நான் கட்டுமானத்தில் இருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். நீங்கள் ஒருவர் மாரடித்து ஒன்றும் ஆகாது.

---

ஃபிரெஸ்னோ_மணி:

செம்பனைக்காரன் தம்பி, சட்டம் உண்மைதான். நான் கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம், பாதாம் தோப்பும் திராட்சையும் உள்ள ஒரு பண்ணையில் 11 வருஷமாக இருக்கிறேன், பாதுகாப்புப் பொறுப்பும் என் தலையில்தான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 அக்டோபரில் நாபா, சோனோமா பக்கம் பெரிய தீ வந்தபோது திராட்சை அறுவடை முழுக்க முடிந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் நவம்பரில் கேம்ப் தீ. அதற்கெல்லாம் பிறகு 2019 ஜூலையில் மாநிலம் அவசர விதி ஒன்று போட்டது, 2021-ல் அதை நிரந்தரமாக்கினார்கள். சாரம் இதுதான்: காற்றில் பிஎம் 2.5 என்கிற நுண்பொடிக்கான எங்கள் காற்றுத் தர எண், ஏக்யூஐ, 151-ஐத் தொட்டால் முதலாளி சும்மா இருக்கக் கூடாது. முதலில் வேலையைப் புகை குறைவான இடத்துக்கோ நேரத்துக்கோ மாற்றிப் பார்க்க வேண்டும், கண்ணாடி மூடிய, ஃபில்டர் உள்ள டிராக்டர் கேபின் மாதிரி வழி இருந்தால் அதைச் செய்ய வேண்டும், ஓய்வைக் கூட்ட வேண்டும். இதற்கெல்லாம் பிறகும் புகை இருந்தால் என்-95 மாஸ்க்கை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். போடுவது அவரவர் விருப்பம், ஆனால் போடச் சொல்லி ஊக்குவிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் விருப்பம் எல்லாம் கிடையாது, கட்டாயம்.

இதைப் படித்துவிட்டு 151-தான் சரியான எண் என்று நினைத்துவிடாதீர்கள். அது பேரம் பேசி வந்த எண் என்றுதான் எனக்குத் தோன்றும். பக்கத்து மாநிலம் ஓரிகன் 2022-ல் 101-லேயே தொடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் 2024 ஜனவரியிலிருந்து கன மீட்டருக்கு 20.5 மைக்ரோகிராம் வந்தாலே முதலாளியின் கடமைகள் ஆரம்பம், அது எங்கள் 151-க்கான 55.5-இல் பாதிகூட இல்லை. மூன்று மாநிலத்திலும் ஒரே நுரையீரல்தான், எண் மட்டும் வேறு.

இப்போது உங்களுக்கு முக்கியமானது. உங்கள் ஏபிஐ-யும் எங்கள் ஏக்யூஐ-யும் ஒன்றல்ல. உங்கள் ஊரில் பிஎம் 2.5-ஐ 24 மணி நேரச் சராசரியாக வைத்துத்தான் எண் போடுகிறார்கள். காலை ஏழு மணிக்குப் புகை திடீரென்று இறங்கினால் அந்தச் சராசரி நகர மத்தியானம் ஆகிவிடும், அதற்குள் உங்கள் ஆள் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் விதி பார்ப்பது அந்தந்த நேரத்து எண்ணை. சிங்கப்பூர்க்காரர்களும் 24 மணி நேர பிஎஸ்ஐ என்கிற தங்கள் காற்று எண்ணோடு ஒரு மணி நேர பிஎம் 2.5-ஐத் தனியாகப் போடுகிறார்கள், அதில் 55 வரை இயல்பு. பெரட்டுக் களத்தில் வைக்க ஒரு சின்ன சென்சார் வாங்கிவிடுங்கள். விலை குறைந்த சென்சார்கள் புகையில் கொஞ்சம் கூட்டியே காட்டும், உங்கள் ஊர் விடியற்காலை ஈரத்தில் இன்னும் கூட்டும், அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். 2020 செப்டம்பரில் கிரீக் தீ. கிழக்கே மலை எரிகிறது, கீழே நாங்கள் உலர்திராட்சை அறுவடையில் இருக்கிறோம். கொத்தை வெட்டி வரிசைக்கு நடுவே காகிதத் தட்டில் பரப்ப வேண்டும், அங்கேயே வெயிலில் காயும். கூலி ஒரு தட்டுக்கு இவ்வளவு. காகிதத்தில் சாம்பல் விழுந்துகொண்டே இருக்கிறது, சூரியன் நடுப்பகலிலும் பழுத்த தக்காளி மாதிரி தொங்குகிறது, இவர்கள் ஓடுகிறார்கள். நடக்கவில்லை தம்பி, ஓடுகிறார்கள். கோவிட் நேரம் வேறு, கடையில் என்-95 கிடையாது, கவுண்டி விவசாய அலுவலகம் மூலம் மாநிலம் அனுப்பிய மாஸ்க்தான். பெட்டியைப் பிக்கப் வண்டியின் பின்னால் திறந்து வைத்தேன். சாயங்காலம் எண்ணினேன், நாலு பேர்தான் எடுத்திருந்தார்கள். மாஸ்க் போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் தட்டு குறையும், சின்னக் கணக்கு.

கலிஃபோர்னியாவில் 2016-லிருந்து இன்னொரு சட்டம் இருக்கிறது, புகைக்காக வந்ததே அல்ல. எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு ஓய்வு நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது. அதைப் பிடித்துக்கொண்டு, புகை நாளில் மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு, அதற்கு அவரவருடைய சராசரி வருமானக் கணக்கில் பணம் என்று முதலாளியிடம் பேசி வாங்கினேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் மாஸ்க்கும் எடுத்தார்கள். நான் அதுவரை பாதுகாப்பு வகுப்பு என்று ஸ்பானிஷில் பேசிக்கொண்டே இருந்தேன், பாதிப் பேர் தாய்மொழி மெக்சிகோ பழங்குடி மொழியான மிஷ்டெக்கோ, அவர்களுக்கு ஸ்பானிஷே அரைகுறை என்பதும் அந்த ஓய்வில் உட்கார்ந்து பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது, அதுவரை தலையாட்டியதை எல்லாம் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வங்காளதேசப் பையன்களிடம் என்ன மொழியில் சொல்கிறீர்கள்?

---

செம்பனைக்காரன்:

மணி அண்ணா, மலாயில்தான். அதுவும் என் தோட்டத்து மலாய். நீங்கள் கேட்ட பிறகு யோசிக்கிறேன், ரொம்ப நாள் இருக்கிறவன் ஒருவன்தான் மற்றவர்களுக்குச் சொல்வான், அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு குழப்பம். வெயிலுக்குப் பயந்து நாங்கள் விடியும்போதே இறங்கிவிடுவோம், பதினொன்று, பன்னிரண்டுக்கு முடித்துவிடுவோம். ஆனால் புகை விடியற்காலையில்தான் தரையோடு படுத்துக் கிடக்கிறது, ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் கொஞ்சம் தூக்குகிறது. புகைக்காகத் தள்ளிப்போனால் உச்சி வெயிலில் வெட்ட வேண்டும். எதைப் பார்ப்பது?

---

நர்ஸக்கா_கிள்ளான்:

தம்பி, 18 வருஷமாக கிளினிக்கில் இருக்கிறேன், தோட்டத்து ஆட்கள் நிறைய வருவார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நனைத்த துண்டு. அக்காவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், அது தூசியைத்தான் தடுக்கும். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன், புகையில் இருக்கிற பொடி 2.5-க்கும் கீழே, துண்டு நெசவின் ஓட்டையில் அது கூட்டமாகப் போகும். நீல முகக்கவரியும் அப்படித்தான், துணி நல்ல துணிதான், ஆனால் கன்னத்துப் பக்கம் திறந்து கிடக்கிறதே, மூச்சு சுலபமான வழியில்தான் போகும். என்-95 வேண்டும். வார் இரண்டும் தலைக்குப் பின்னால் போகிற வகை, ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்தில். காதில் மாட்டுகிற கேஎன்-95 அதைவிடக் கொஞ்சம் தளரும், ஆனால் நீல முகக்கவரிக்கு அது எவ்வளவோ மேல். முன்னால் வால்வு வைத்தது கிடைத்தால் அதை வாங்குங்கள், கோவிட் சமயம் வேண்டாம் என்றோம், புகைக்கு அது பரவாயில்லை, உள்ளே சூடு குறையும். போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், மூக்கோரம் காற்று கண்ணில் பட்டால் கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். வியர்வையில் நனைந்து மூச்சு கனத்தால் மாற்றிவிட வேண்டும், ஒரு நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள், குலை வெட்டுகிறவனுக்கு அது இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

தாடி வைத்தவர்களுக்கு என்-95 பொருந்தாது, ஓரம் கசியும். மார்க்கத்துக்காக வைத்த தாடியை எடு என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்களை அன்றைக்கு வண்டி ஓட்ட, ஸ்டோரில் வேலை பார்க்கப் போடுங்கள்.

வெயிலா புகையா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் பொதுவான ஒன்று, எவ்வளவு மூச்சு வாங்குகிறார் என்பதுதான். சும்மா உட்கார்ந்திருக்கிறவர் நிமிஷத்துக்கு ஆறு, எட்டு லிட்டர் காற்று இழுப்பார். நீள அரிவாளைத் தூக்கிப் பிடித்து உயர மரத்தில் குலை வெட்டுகிறவர் 40 லிட்டருக்கு மேல் இழுப்பார், அதுவும் வாயால், மூக்கின் வடிகட்டலும் கிடையாது. அப்படியானால் அதே தோட்டத்தில் அதே நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கிராணியைவிட ஐந்து மடங்கு புகை அவருக்குள் போகிறது. உங்கள் ஆபீஸ் எண் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதே தப்பு. புகை படுத்திருக்கிற நேரத்தில் குட்டை மரம், சமன் நிலம், லேசான வேலை. கொஞ்சம் தூக்கியதும் உயர மரம், ஆனால் மொத்த நேரத்தைக் குறைத்து. முழு நாளும் இரண்டையும் சமாளிக்க வழி இல்லை.

ஆஸ்துமா, இரத்தக்கொதிப்பு, நெஞ்சு வலி உள்ளவர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள், இவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? பட்டியல் கேட்டால் வேலை போய்விடும் என்று மறைப்பார்கள். புகை என்றால் நுரையீரல்தான் என்று நினைக்கிறார்கள், இதயத்துக்கும் ஆபத்து. போன முறை எங்களிடம் வந்த ஒருவர் இருமவே இல்லை, இடது கை வலிக்கிறது என்றுதான் வந்தார். பேச முடியாமல் மூச்சிரைப்பு, நெஞ்சில் கனம், தலை சுற்றல், உதடு நிறம் மாறுவது, இதில் எது வந்தாலும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள்.

இன்னும் இரண்டு. மருந்தடிக்கிற அக்காமாருக்கு என்-95 மருந்தின் ஆவியைத் தடுக்காது. மருந்துக்குப் போடுகிற கார்ட்ரிட்ஜில் பொடி ஃபில்டர் இல்லாவிட்டால் புகையைத் தடுக்காது. புகை தரையோடு படுத்திருக்கிற நாளில் காற்று அசையாது, தெளித்த மருந்தும் அங்கேயே தொங்கும், அதனால் அன்றைக்கு மருந்தடிப்பையே நிறுத்திவிடுங்கள், அது யாருக்கும் கூலி நஷ்டம் இல்லாமல் மாற்றக்கூடிய வேலை. அப்புறம், தோட்டத்து ஓரத்தில் எரிகிற கம்புட்டை அணைக்க உங்கள் ஆட்களை என்-95 போட்டு அனுப்பச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது.

நம் ஊர்ச் சட்டம் கேட்டால், கலிஃபோர்னியா மாதிரி எண் போட்ட கட்டாய விதி கிடையாது, தொழிலிடப் பாதுகாப்புத் துறையான டோஷ் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. ஆனால் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமான ஆக்ட் 514-இல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. புகையை "உடனடி ஆபத்து" என்று ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு சண்டை, பெர்மிட்டில் வந்த பையன் அந்தச் சண்டையைப் போடவும் மாட்டான். அதனால் சட்டத்தை அவன் தலையில் கட்டாமல் நீங்கள் மேலே பேசும்போது பயன்படுத்துங்கள்.

---

பால்வெட்டுத்_தாத்தா:

பிள்ளைகளா, எனக்கு 71. நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டம், பால்வெட்டு. 1997 செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை போட்டார்கள், அங்கே எண் 800-ஐத் தாண்டியது என்று பேப்பரில் வந்தது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் விடியற்காலை தலைவிளக்கோடு நிரைக்குள் போனால் வெளிச்சம் இரண்டு மரத்துக்கு அப்பால் போகாது, பால் கலந்த தண்ணீரில் டார்ச் அடித்த மாதிரி அப்படியே நிற்கும். மரத்தைக் கையால் தடவித்தான் பட்டையைக் கண்டுபிடித்தேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஐயா எல்லாருக்கும் ஒரு துணித்துண்டு கொடுத்தார், நனைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பழக்கம்தான் இன்னமும் உங்கள் அக்காவிடம் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

எண் எண் என்று பேசுகிறீர்கள். 1999-லிருந்து 2005 வரை அந்த எண்ணையே வெளியே சொல்லவில்லை, சுற்றுலாக்காரர் பயந்துவிடுவாராம். 2005 ஆகஸ்டில் துறைமுகக் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் 500-ஐத் தாண்டி அவசரநிலை வந்த பிறகுதான் மறுபடி சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஆறு வருஷமும் நாங்கள் எண் இல்லாமல்தான் பார்த்தோம். லயத்து வாசலில் நின்றால் மாரியம்மன் கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் குன்று. குன்று மறைந்தால் வயசானவர்கள் வேண்டாம். தொட்டி மறைந்தால் ஒரு வெட்டோடு சரி. கோபுரம் மறைந்தால் மண்டோரிடம் நாங்களே போய் நிற்போம். தம்பியின் சென்சார் கெட்டுப்போனால் இதைச் செய்யலாம், செலவில்லை. பனிமூட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதே, பனி என்றால் தொண்டை கரகரக்காது.

அப்போது யூனியன் ஆள் வந்து கேட்டார், வெட்டாத நாளுக்கு அரைக்கூலியாவது கொடுங்கள் என்று. மழை நாளுக்கு ஏதோ கொடுத்தார்கள், புகைக்குக் கொடுக்கவில்லை. புகை மழை இல்லையாம்.

---

சும்மா_ஒருவன்:

தாத்தா சொன்னதுதான் நான் சொன்னதும். கொடுக்க மாட்டார்கள். போதாததற்கு எரிக்கிறதும் தோட்டக்காரன், மூச்சுத் திணறுவதும் தோட்டக்காரன். 2002-ல் ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் போட்டன, இந்தோனேசியா அதை உறுதிசெய்யவே 2014 ஆனது, இதற்கு நடுவில் 2013-ல் மூவாரில் 700-ஐத் தாண்டியது. இதில் செம்பனைக்காரன் அண்ணா வாங்குகிற முகக்கவரி எந்த மூலைக்கு?

---

ஃபிரெஸ்னோ_மணி:

ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தால் அக்காவின் துண்டு கறுப்பாகிவிடும் தம்பி. எரிக்கிறவனை நிறுத்துவது ஒரு வேலை, நாளைக் காலை ஆறு மணிக்கு 43 பேர் வந்து நிற்பது இன்னொரு வேலை. அவர் கேட்டது இரண்டாவது.

ஒன்று விட்டுப்போனது. ஆட்கள் தங்குகிற இடத்தைப் பாருங்கள். பகலில் எட்டு மணி நேரம் புகையில் இருந்துவிட்டு இரவு பலகை வீட்டில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கினால் அது 24 மணி நேரப் புகை. எங்கள் தங்குமிடத்தில் ஒரு ஹாலில் மட்டும் டேபிள் ஃபேன் பின்னால், நுண்பொடியைப் பிடிக்கிற மெர்வ்-13 தர ஏர்கான் ஃபில்டரை டேப் போட்டு ஒட்டினோம், நாலு ஃபில்டரைப் பெட்டி மாதிரி நிறுத்தி மேலே ஃபேனை வைத்தால் இன்னும் நல்லது. கதவு ஜன்னல் மூடிய ஒரு அறை போதும், அதில் சாப்பிடட்டும், ஓய்வெடுக்கட்டும்.

---

செம்பனைக்காரன்:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சென்சார் என் காசில் வாங்கினேன், பெரட்டுக் களத்துக் கூரைக் கம்பத்தில் கட்டியிருக்கிறேன். முதல் நாளே மணி அண்ணா சொன்னது தெரிந்தது. காலை 6.40-க்குப் பொடி 110 மைக்ரோகிராம், அதே நேரம் போனில் ஏபிஐ இன்னும் நல்ல பிள்ளை மாதிரி 90-இல் நிற்கிறது. அந்த இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். எட்டு வரி எழுதி நான் கேட்டபோது கிடைக்காதது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. சென்சார் கூட்டிக் காட்டும் என்று அவரும் சொன்னார், பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அதுவே 55 என்றேன்.

கிடைத்தது இவ்வளவுதான். என்-95 வந்தது, வால்வு இல்லாதது. மருந்தடிப்பு நிறுத்தம். காலை பெரட்டு 8.30-க்கு, ஒரு மணிக்கு மேல் யாரும் வெளியே இல்லை. குறைகிற நேரத்துக்கு, போன மூன்று மாசச் சராசரியை வைத்து வெட்டுகிறவர்களுக்குப் பணம் என்று கேட்டேன். பாதிக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள், அதுவும் இந்த மாசத்துக்கு மட்டும். ஆனால் அந்தப் பாதியே வித்தியாசம் காட்டியது, முன்பெல்லாம் ஓய்வு என்றால் என்னை முறைப்பார்கள், இப்போது நிழலில் உட்காருகிறார்கள். வங்காளத்தில் சொல்ல அந்தப் பழைய ஆளையே நிற்க வைத்து, நர்ஸக்கா சொன்ன ஊதிப் பார்க்கிற சோதனையைச் செய்து காட்டச் சொன்னேன். அவனுக்கே தாடி. "எனக்கு ஏன் நிற்கவில்லை" என்று அவனே கேட்டு அவனே பதிலும் சொன்னான், சிரித்தார்கள், இப்போது அவன் டிராக்டரில்.

சரியாகாததும் இருக்கிறது. வெட்டின மரத்துக்கே திரும்பி வருகிற 12 நாள் சுற்று 15 ஆகிவிட்டது. குலை மரத்திலேயே அளவுக்கு மேல் பழுத்து உதிர்கிறது, மில்லிலிருந்து திட்டு வருகிறது. உதிர்ந்தால் யார் பொறுக்குவது? அதே அக்காமார்தான். வெட்டுகிறவனைக் காப்பாற்றப் போய் அவர்கள் முதுகில் ஏற்றிவிட்டேன். இரண்டு பையன்களை உதிரிக்கு மாற்றியிருக்கிறேன், அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, பொம்பளை வேலையாம்.

அந்த அக்கா என்-95 போடுகிறார். அதற்கு மேலே துண்டையும் கட்டுகிறார். எதற்கு அக்கா என்றால் "இது கம்பெனி குடுத்தது, அது என்னோடது" என்கிறார். நான் விட்டுவிட்டேன்.

மணி அண்ணா, ஃபில்டர் ஏர்கான் கடையில் கேட்டால் 20 அங்குலம்தான் இருக்கிறது, ஆட்கள் தங்குகிற எங்கள் கொங்சியில் இருப்பது 16 அங்குல ஃபேன். அட்டையை வெட்டி ஓரத்தை அடைத்து ஒட்டினால் போதுமா, இல்லை மோட்டார் சூடாகிவிடுமா? இரவெல்லாம் ஓட விடலாமா என்றும் சொல்லுங்கள், பலகை வீடு, பயமாக இருக்கிறது.